ஊருக்குப் போகுமுன் காமிராவைப் பழகுங்கள்!

புதுக் காமிரா வாங்கப் போகிறீர்களா? வெளியூர்ப் பிரயாணம் வருகிறதா?

அப்படியானால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக்கூடாது.

என் அம்மாவுக்குக் காசிக்குப் போகவேண்டும் என்று முப்பது வருஷ ஆசை. என் பாட்டியும் அதே ஆசையோடு இருந்தவர். அவருக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. "எங்கம்மா பார்க்காத கங்கையை நானாவது பார்க்கணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு வழியாக ரயில் டிக்கெட் எடுத்தேன். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை கடைக்குப் போனேன். ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கினேன். இரவு வீட்டில் அதைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. அட்டைப் பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டு, காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

காசியில் நடந்தது

இரண்டு இரவு ரயில் பிரயாணம். மூன்றாம் நாள் விடியற்காலை கங்கைக் கரையில் நின்றோம்.

அம்மா படியிறங்கினார். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று முறை முழுகி எழுந்தார். கையில் ஒரு பித்தளைச் செம்பு. அது பாட்டி உபயோகித்த செம்பு. அதில் கங்கை நீரை மொண்டு தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு!

நான் "கிளிக், கிளிக்" என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் படம் திரையில் தோன்றி மறைந்தது. மூலையில் ஏதோ சிறு எழுத்தும் தெரிந்தது. அதை யார் கவனித்தார்கள்?

அன்று மாலை விடுதியில் அம்மாவுக்குப் படத்தைக் காட்ட உட்கார்ந்தேன். ஒரு படம்கூட இல்லை!

காரணம் என்ன தெரியுமா? காமிராவுக்குள் மெமரி கார்டே இல்லை. அது சென்னையில், பரண்மேல், அட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

சில காமிராக்களில் கார்டு இல்லாமலே பொத்தானை அழுத்தலாம். கடையில் வாடிக்கையாளருக்குச் செய்து காட்ட வசதியாக அப்படி அமைத்திருக்கிறார்கள். படம் திரைக்கு வரும்; ஆனால் எங்கும் பதியாது.

"போனால் போகட்டும்டா. கங்கை என் கண்ணுக்குள்ளே இருக்கு" என்றார் அம்மா. என் மனம் ஆறவில்லை. மறுநாள் புதுக் கார்டு வாங்கிப் போட்டேன். ஆனால் அந்த முதல் முழுக்கு திரும்பி வருமா? அந்தச் சிரிப்பு திரும்பி வருமா?

அடுத்த வருஷமே அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. இனி அவ்வளவு தூரம் போக முடியாது.

முகம் எங்கே?

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையான செய்தி.

உலகின் முதல் டிஜிட்டல் காமிராவுக்கும் என் கதிதான் ஏற்பட்டது! அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரில் உள்ள கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் என்ஜினீயர் 1975-ம் ஆண்டில் அதைச் செய்தார். எடை சுமார் மூன்றரைக் கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் காஸெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள். இன்றைய சாதாரணக் காமிராவில் ஒரு கோடிப் புள்ளிக்கு மேல் உண்டு.

சாசன் முதலில் ஒரு பெண் ஊழியரைப் படம் எடுத்தார். டெலிவிஷனில் போட்டுப் பார்த்தார். தலைமுடி தெரிந்தது. முகம் தெரியவில்லை! பிறகு சில கம்பிகளை இடம் மாற்றி இணைத்தார். முகம் வந்துவிட்டது.

பிரயாணத்துக்குக் காமிரா கொண்டு போவதும் முகத்துக்காகத்தான். கோபுரத்தின் படம் கடையில் கிடைக்கும். கோபுரத்தின் முன் நின்ற உங்கள் தாயாரின் முகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதைத் தவறவிடாமல் இருக்க, காமிராவை ஊரிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

போன் போதாதா?

"கையில் செல்போன் இருக்கிறதே. தனிக் காமிரா எதற்கு?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி. போனில் இருப்பதும் டிஜிட்டல் காமிராதான். வீட்டாரைப் பக்கத்தில் நிறுத்திப் பகலில் படம் எடுக்க அது தாராளமாகப் போதும். அதற்கு மேல் தேவை இல்லை என்றால் காமிரா வாங்க வேண்டாம். பணம் மிச்சம்.

தனிக் காமிரா யாருக்கு வேண்டும்? தூரத்துக் கோபுரத்துச் சிற்பத்தையோ, மரத்தின்மேல் உள்ள பறவையையோ கிட்டே இழுத்து எடுக்க விரும்புகிறவர்களுக்கு வேண்டும். இருட்டில் அடிக்கடி படம் எடுப்பவர்களுக்கு வேண்டும். போனில் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட்டும் போச்சு, பேச்சும் போச்சு என்று பயப்படுகிறவர்களுக்கும் வேண்டும்.

காமிராவில் மூன்று தினுசு உண்டு.

ஒன்று, சட்டைப் பையில் போடும் சின்னக் காமிரா. இரண்டு, லென்ஸ் கழற்ற முடியாத, ஆனால் தூரத்தை வெகுவாகக் கிட்டே இழுக்கும் காமிரா. மூன்று, லென்ஸை மாற்றி மாற்றிப் போடும் காமிரா.

குடும்பத்தோடு யாத்திரை போகிறவருக்கு முதல் இரண்டில் ஒன்றே வசதி. ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை என்று நிற்கும்போது லென்ஸ் மாற்ற முடியுமா?

அண்டாவும் தம்ளரும்

கடைக்காரர் முதலில் சொல்வது "இத்தனை மெகாபிக்சல்" என்பதுதான். மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி. அதிகம் இருந்தால் நல்ல காமிரா என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

ஆல்பத்தில் ஒட்டும் 6 அங்குலம் 4 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். 12 மெகாபிக்சல் இருந்தால், சுவரில் மாட்டும்படி 13 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிடலாம். அதற்கு மேல் நமக்கு எதற்கு?

கேட்கவேண்டியது வேறு. "சென்சார் எவ்வளவு பெரிசு?" என்று கேளுங்கள்.

சென்சார் என்பது லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வாங்கும் சில்லு. மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டாவும் தம்ளரும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? அண்டாவில்தானே! சென்சாரும் அப்படித்தான். பெரிசாக இருந்தால் ஒளி அதிகம் சேரும். மங்கிய வெளிச்சத்திலும் படம் சுத்தமாக வரும்.

சின்னக் காமிராக்கள் பலவற்றில் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். "ஒரு அங்குல சென்சார்" என்று சொல்லப்படுவது சுமார் 13 மில்லிமீட்டர் அகலம். பெயர்தான் ஒரு அங்குலம்! ஆனாலும் பரப்பளவில் அது சின்னதைப்போல நாலு மடங்கு.

இன்னொரு கேள்வி: "ஆப்டிகல் ஜூம் எத்தனை மடங்கு?" லென்ஸே நகர்ந்து தூரத்தைக் கிட்டே இழுப்பது ஆப்டிகல் ஜூம். அதுதான் அசல். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கடையிலேயே நாலு சோதனை செய்யுங்கள். கையில் பிடித்துப் பாருங்கள். விரல் பொத்தானுக்கு எட்டுகிறதா? வாசலுக்குக் கொண்டு போங்கள். வெயிலில் திரை தெரிகிறதா? கடையின் இருட்டு மூலையில் உங்கள் வீட்டார் ஒருவரை நிற்க வைத்து எடுங்கள். முகம் தெளிவாக இருக்கிறதா? உபரி பாட்டரி கிடைக்குமா என்று கேளுங்கள்.

பில்லும் உத்தரவாதச் சீட்டும் மறக்காதீர்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் காமிராவிலேயே போட்டுவிடாதீர்கள். கார்டு இரண்டு, பாட்டரி இரண்டு, ஒரு பை. இவற்றுக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஒரு வார ஒத்திகை

காமிரா வாங்குவது புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே நடக்கட்டும். முடியாவிட்டால் ஒரு வாரமாவது வேண்டும். அந்த ஏழு நாளில் தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதல் நாள்: பாட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். கார்டைப் போடுங்கள். தேதியும் மணியும் சரியாக வையுங்கள். பத்துப் படம் எடுத்து, காமிராவை அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். பத்தும் இருக்கின்றனவா? இந்தச் சோதனையை நான் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை!

இரண்டாம் நாள்: பிடிக்கப் பழகுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். பொத்தானைப் பாதி அழுத்தினால் காமிரா குறி பார்க்கும். முகத்தின்மேல் கட்டம் விழுந்ததும் மீதியை மெல்ல அழுத்துங்கள். வெடுக்கென்று அழுத்தினால் படம் ஆடிவிடும்.

மூன்றாம் நாள்: வெளிச்சம். வீட்டுப் பெரியவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். முகம் கறுத்துப் போகும். அவரையே ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள். முகம் பளிச்சென்று வரும். வெளிச்சம் முகத்தில் விழவேண்டும், முதுகில் அல்ல. படக்கலையில் பாதி இவ்வளவுதான்.

நாலாம் நாள்: ஓடும் பிள்ளைகளை எடுங்கள். ஷட்டர் என்பது ஒளியை உள்ளே விடும் கதவு. கதவு திறந்திருக்கும் நேரத்துக்குள் பிள்ளை நகர்ந்தால் படம் கலங்கும். நிற்கிறவரை எடுக்க ஒரு விநாடியில் 60-ல் ஒரு பங்கு போதும். ஓடுகிறவருக்கு 500-ல் ஒரு பங்கு வேண்டும். ஓடும் மனிதன் படம் போட்ட நிலையில் குமிழைத் திருப்பிவைத்தால் காமிராவே பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாம் நாள்: இருட்டு. தெரு விளக்கில் எடுத்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணை 1600, 3200 என்று கூட்டினால் இருட்டிலும் படம் விழும். ஆனால் மணல் தூவியதுபோல் புள்ளி தெரியும். உங்கள் காமிராவில் எந்த எண் வரை பொறுக்கலாம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள்: படங்களைக் கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ மாற்றிப் பாருங்கள். எப்படி அழிப்பது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். "பார்மட்" என்ற கட்டளை கார்டில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும். பிரயாணத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஏழாம் நாள்: குடும்பத்தோடு பக்கத்தில் ஏதாவது ஓர் இடத்துக்குப் போங்கள். கடற்கரையோ சந்தையோ எதுவும் சரி. ஒரு நாள் முழுக்க எடுங்கள். பாட்டரி எத்தனை மணிக்குத் தீர்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் காமிராவின் உண்மையான கணக்கு.

கங்கைக் கரையில்

இனி, காசிக்குப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். மற்ற ஊருக்குப் போகிறவர்களும் இதே முறையில் யோசிக்கலாம்.

காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் மேற்குக் கரையில் இருக்கிறது. எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகளும் கிழக்கே பார்த்து நிற்கின்றன. ஆகவே உதயகாலச் சூரியன் நேரே படிகளில் விழும். நீராடுகிறவர்கள் சூரியனைப் பார்த்து நிற்பார்கள். முகமெல்லாம் பொன்னாக இருக்கும்.

அந்த நேரத்தில் படகில் போனால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். காசி நகரம் உங்கள் எதிரில். மாலையில் இது தலைகீழ். சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். ஆகவே முக்கியமான படங்களைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். ஊர் எந்தத் திசை பார்க்கிறது என்று முன்கூட்டித் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

படகில் ஏறும்போது காமிராவின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஏறி, கங்கைக்குக் காணிக்கை கொடுத்துவிடாதீர்கள்!

மாலையில் தசாசுவமேத கட்டத்தில் ஆரத்தி. அங்கே பிளாஷ் போடாதீர்கள். சின்னக் காமிராவின் பிளாஷ் பத்துப் பதினைந்து அடிக்கு மேல் எட்டாது. முன்னால் இருப்பவரின் தலைதான் வெளுப்பாக விழும். பிளாஷை அணைத்துவிட்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்திலேயே எடுங்கள். அம்மாவின் முகத்தில் அந்தத் தீபத்தின் ஒளி விழும்போது அவரை எடுங்கள். ஆரத்தியைவிட அதுவே நல்ல படம்.

மார்கழி, தை மாதங்களில் அங்கே கடும் குளிர், பனிமூட்டமும் உண்டு. குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்தால் லென்ஸில் நீர் பூக்கும். காமிராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி உள்ளே கொண்டுவாருங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறங்கள். நம் ஊரில் ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்தாலும் இதே கதைதான்.

விமானத்தில் போகிறவர்கள் உபரி பாட்டரியைக் கைப்பையில் வைக்கவேண்டும். சரக்கோடு போடும் பெட்டியில் வைக்கக்கூடாது என்பது விதி.

எடுக்கக் கூடாத படம்

எங்கே எடுக்கலாம் என்பதைவிட, எங்கே எடுக்கக் கூடாது என்பது முக்கியம்.

காசி விசுவநாதர் கோவிலுக்குள் காமிராவும் செல்போனும் கொண்டு போக முடியாது. தமிழ்நாட்டுக் கோவில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோவிலுக்குக் கோவில் விதி மாறலாம். வாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டு நடப்பதே மரியாதை.

மணிகர்ணிகை கட்டத்தில் சிதைகள் எரியும். அங்கே காமிராவை மூடிவிடுங்கள். அது வேறொரு வீட்டாரின் துக்கம். நம் வீட்டுத் துக்கத்தை முன்பின் தெரியாத ஒருவர் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

நீராடும் பெண்களையும், பிச்சை கேட்டு நிற்கும் முதியவர்களையும் கேட்காமல் எடுப்பது தவறு.

வீடு திரும்பிய பின்

தினமும் இரவில் அன்றைய படங்களை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். போனிலோ, இன்னொரு கார்டிலோ வைக்கலாம். ஒரு பை தொலைந்தாலும் இன்னொரு பையில் படம் இருக்கவேண்டும்.

தவறிப்போய் படங்களை அழித்துவிட்டால் பதறவேண்டாம். அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் தனியே எடுத்து வையுங்கள். புதுப் படம் மேலே பதியாதவரை பழையதை மீட்க வழி உண்டு. விவரம் தெரிந்தவரிடம் கொடுத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஊருக்கு வந்ததும் இருபது படத்தையாவது அச்சுப்போட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். கம்ப்யூட்டருக்குள் ஆயிரம் படம் கிடந்து என்ன பயன்? பெரியவர்கள் மடியில் வைத்துப் புரட்டுவது ஆல்பத்தைத்தான்.

இன்னும் ஒன்று. படம் எடுப்பவர் படத்தில் இருப்பதில்லை! பல வீட்டு ஆல்பங்களில் அப்பாவைக் காணவே முடியாது. ஆகவே வீட்டில் இன்னொருவருக்கும் காமிராவைப் பழக்குங்கள்.

அக்கினி தீர்த்தத்தில்

காசிக்குப் போனவர்கள் கங்கை நீரைக் கொண்டுவந்து ராமேசுவரத்தில் சேர்த்து யாத்திரையை முடிப்பது வழக்கம். அம்மாவுக்கு அந்தக் கடன் பாக்கி இருந்தது. முழங்கால் வலியோடு காரில் புறப்பட்டார்.

இந்தத் தடவை நான் ஒரு மாதம் பழகியிருந்தேன். என் அக்காள் மகனும் என்னோடு சேர்ந்து பழகினான். அவனுக்குப் பதினொரு வயது. என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டான்.

அக்கினி தீர்த்தக் கடல் கிழக்கே பார்த்தது. விடியற்காலை. அம்மா மெல்ல அலையில் இறங்கினார். கையில் அதே பித்தளைச் செம்பு. கரையேறித் திரும்பியபோது வெயில் அவர் முகத்தில் விழுந்தது.

நான் காமிராவைத் தூக்கினேன். என் கை நடுங்கியது. அக்காள் மகன் என்னைப் பார்த்தான்.

"மாமா, என்கிட்ட கொடுங்க. நீங்க போய்ப் பாட்டி பக்கத்திலே நில்லுங்க."

கொடுத்தேன். போய் நின்றேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு "கிளிக்".

அந்தப் படம் இப்போது அம்மாவின் அறையில் இருக்கிறது. கீழே பித்தளைச் செம்பு இருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம், "பேரன் எடுத்தது" என்று அம்மா காட்டுகிறார்.

காசிப் படம் மட்டும் இல்லை.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்படி ஓர் இடம் காலியாக வேண்டாம். இன்றே காமிராவைத் திறந்து பாருங்கள். உள்ளே கார்டு இருக்கிறதா?